காலேஜ் பெயர் டாக்டர் சீட் வாங்கித் தருமா?

அரசுப் பல்கலைக்கழக மருத்துவ சீட்டுக்கு யுபியு என்ற மாணவர் சேர்க்கைப் பிரிவு போடும் மெரிட் மொத்தம் 100. அதில் 90 படிப்புக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. படித்த பள்ளியின் பெயருக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்தவரும் காப்பாரில் ஒரு சாதாரண இடைநிலைப்பள்ளியில் படித்தவரும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான்.

ஆனாலும் எஸ்பிஎம் ரிசல்ட் வந்த வாரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி மாறுவதில்லை: "சார், எந்தக் காலேஜ்ல போட்டா டாக்டர் சீட் கிடைக்கும்?"

என் பதில் இது. பெயருக்குப் பணம் கட்டாதீர்கள், பாதையைப் பாருங்கள். பெயர் செல்லுபடியாகும் இடங்கள் சில உண்டு. அவை எவை, எவை இல்லை என்று தெரிந்துகொண்டு நேரத்தையும் பணத்தையும் இறக்குபவர்தான் முந்துவார். உங்களோடு போட்டி போடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள்.

1. படிவம் 4-இல் எடுக்கும் பாடங்கள்

பலரும் எஸ்பிஎம் முடிந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

மருத்துவம் படிக்க எஸ்பிஎம்மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னொரு பாடம் என ஐந்திலும் குறைந்தது பி வேண்டும். அரசோ தனியாரோ, இது அடிப்படை. 2020 முதல் படிவம் 4-இல் பழைய அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற முறை போய்ப் பாடத் தொகுப்பு முறை வந்தது. "பிசிக்ஸ் கஷ்டமா இருக்கு, வேற எடுத்துக்கறேன்" என்று 16 வயதுப் பிள்ளை ஒரு படிவத்தில் டிக் அடித்தால் மருத்துவக் கதவு அப்போதே சாத்தப்படுகிறது. பிறகு எவ்வளவு பணம் இருந்தாலும் சுற்றுவழி நீளம்.

பள்ளி முக்கியமாகும் முதல் இடம் இதுதான். அங்கேயும் பெயர் முக்கியமில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். மூன்று அறிவியல் பாடங்களும் கூடுதல் கணிதமும் சேர்ந்த தொகுப்பு அங்கே உண்டா? இந்த ஆண்டு அந்தப் பாடங்களுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, தற்காலிக ஆசிரியரை வைத்து ஓட்டுகிறார்களா? தமிழ் வகுப்பு நடக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் பாசம் மட்டுமில்லை. அறிவியல் மாணவரின் பாடங்களை எண்ணிப் பாருங்கள்: மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், மூன்று அறிவியல். மொத்தம் 9. எஸ்பிஎம்மில் 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அந்தப் பத்தாவது ஏ நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? தமிழ்மொழியிலிருந்துதான் வர வேண்டும். ஏ மைனஸ் இந்தக் கணக்கில் சேராது என்பது 2025-இல் பெரிய சர்ச்சையானது. ஆகவே தமிழில் சுமாராக எழுதினால் போதாது. இலக்கணத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் 15 மாணவர்களின் பெற்றோர் சேர்ந்து கேட்டால் தாய்மொழி வகுப்புக்குச் சட்டம் வழிவிடுகிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதினைந்து பேரைத் திரட்டுங்கள். ஒரு மாலை வேலைதான்.

2. ஒரு ஏ மைனஸின் விலை

ஃபார்ம் சிக்ஸில் எழுதும் எஸ்டிபிஎம்மில் ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் என்றால் 3.67, பி பிளஸ் என்றால் 3.33. நான்கு பாடங்களில் மூன்று ஏ, ஒரு ஏ மைனஸ் வாங்கினால் சராசரி 3.92. மெரிட்டில் அது 90-க்கு 88.2. அதாவது ஒரே ஒரு ஏ மைனஸுக்கு 1.8 புள்ளி போய்விடும். அதுவே பி பிளஸ் ஆனால் சராசரி 3.83, இழப்பு ஏறக்குறைய 3.8 புள்ளி.

இப்போது புறப்பாடத்தின் 10 புள்ளியைப் பாருங்கள். 9 வாங்கியவருக்கும் 7 வாங்கியவருக்கும் இடையே 2 புள்ளி வித்தியாசம். ஒரு ஏ மைனஸின் விலையைவிட இது அதிகம். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் கூட்டத்தில் 4.00 வாங்கியவர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது இந்தப் பத்துக்குள் இருக்கும் தசமப் புள்ளிகள். வாரத்துக்கு ஐந்து நாள் டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை சீருடை இயக்கத்துக்கு மட்டும் "போகாதே, படி" என்று தடுக்கும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

புறப்பாடத்தில் வகித்த பதவி, போட்டியிட்ட நிலை (பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம்), வருகை எல்லாம் புள்ளியாகின்றன. பெயர் பெற்ற பள்ளியில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தலைவர் பதவிக்குப் பத்துப் பேர் மோதுவார்கள். சிறிய பள்ளியில் அதே பதவி ஈடுபாடுள்ள ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பெரிய பெயர் உங்களுக்கு எதிராகத் திரும்பும் இடம் இது.

3. மெட்ரிக்கா, ஃபார்ம் சிக்ஸா?

யுபியு பார்ப்பது இந்த இரண்டில் ஒன்றில் நீங்கள் எடுக்கும் மதிப்பெண்ணைத்தான். எதை எடுப்பது என்பது பள்ளிப் பெயரைவிட நூறு மடங்கு முக்கியமான முடிவு.

மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டு செமஸ்டர். எஸ்டிபிஎம் மூன்று செமஸ்டர், பாடம் ஆழமானது, தேர்வு கடினமானது. ஆனால் இரண்டிலும் 4.00 என்றால் மெரிட்டில் ஒரே 90. நெடுங்காலமாக மெட்ரிக் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்று இருந்துவருகிறது. கடினமான தேர்வை எழுதிய பிள்ளையும் அதே எண்ணோடுதான் வரிசையில் நிற்க வேண்டும் என்பது நியாயமில்லை. ஒவ்வோர் ஆண்டும் 4.00 எடுத்தும் மருத்துவம் கிடைக்காத எஸ்டிபிஎம் மாணவரின் முகம் நாளிதழில் வருகிறது. பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இந்த அநியாயத்துக்கு எதிரான போராட்டம் நடக்கட்டும், நடக்க வேண்டும். ஆனால் உங்கள் பிள்ளையின் விண்ணப்பம் இந்த ஆண்டு, இந்த விதியின் கீழ்தான் போகப்போகிறது.

ஆகவே மெட்ரிக் ஆஃபர் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். "கோப்பேங் மெட்ரிக் காலேஜ் தூரம், பெண்பிள்ளை", "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காது" என்று கிடைத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. சிலாங்கூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி பந்திங்கில் இருக்கிறது, கிள்ளானிலிருந்து பக்கம்தான். அங்கேயே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எங்கே கிடைத்தாலும் போங்கள்.

கிடைக்கவில்லையா? ஃபார்ம் சிக்ஸைத் தோற்றவர்கள் போகும் இடமாகப் பார்க்காதீர்கள். அதில் மெட்ரிக்கில் இல்லாத ஒரு வசதி உண்டு. செமஸ்டர் தாள் சறுக்கினால் மறுபடி எழுதலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களும் எஸ்டிபிஎம்மை ஏற்கின்றன. கிள்ளானில் ஸ்ரீ இஸ்தானா போன்ற படிவம் 6 கல்லூரிகளில் சூழலும் பழைய பள்ளி வகுப்பு மாதிரி இருக்காது.

ஃபார்ம் சிக்ஸில் நம் பிள்ளைகள் கோட்டைவிடும் பாடம் ஒன்று இருக்கிறது. அது உயிரியலும் இல்லை, வேதியியலும் இல்லை. பெங்காஜியான் அம். மலாயில் எழுத வேண்டிய கட்டாயப் பொதுப்பாடம். நான்கு பாடச் சராசரியில் அதுவும் ஒன்று. "அது சும்மா பாஸ் பண்ணினா போதும்" என்ற பேச்சு சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு வழிவழியாக இறங்குகிறது. மூன்று அறிவியல் பாடங்களில் ஏ வாங்கிவிட்டு இதில் பி பிளஸ் வாங்கினால் அந்த 3.8 புள்ளி அங்கேயே போய்விடும். வேதியியல் டியூஷனுக்கு வாரம் இரண்டு முறை போகிறவர் வாரம் ஒரு மலாய்க் கட்டுரை எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரர் தொடங்கமாட்டார்.

முயட் ஆங்கிலத் தேர்வையும் கடைசிக்கு வைக்காதீர்கள். பேண்ட் 4-க்குக் கீழே நின்றால் மருத்துவத்துக்கு வாய்ப்பு மங்கும்.

டியூஷனுக்குப் பணமில்லாத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இன்றும் நம் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடத்துகிறது. கடைத்தொகுதி மாடியில் குளிரூட்டிய அறை இருந்தால்தான் நல்ல டியூஷன் என்று எண்ண வேண்டாம்.

4. ஏ லெவல்: பெயர் எடுபடும் இடம்

ஏ லெவல் வழியே வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போவது இலக்கு என்றால் கணக்கு மாறுகிறது. பிரிட்டனுக்கு யூகாஸ் வழி விண்ணப்பிக்கும்போது உங்கள் கையில் இறுதி ரிசல்ட் இருக்காது. கல்லூரி கணித்துக் கொடுக்கும் கிரேடும் ஆசிரியர் எழுதும் பரிந்துரையும்தான் முதலில் பேசும். ஆண்டுதோறும் மாணவர்களை அனுப்பி, கணித்த கிரேடும் வந்த கிரேடும் ஒத்துப்போகும் கல்லூரியின் கையெழுத்துக்கு எடை உண்டு. காலக்கெடுவும் கண்டிப்பானது. மருத்துவத்துக்கு அக்டோபர் 15. நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்குமேல் போட முடியாது. இந்த அட்டவணை பழகிய கல்லூரியில் ஆலோசகர் ஜூன் மாதமே உங்களைத் துரத்துவார். பழகாத கல்லூரியில் செப்டம்பர் கடைசியில் நீங்கள் அவரைத் துரத்துவீர்கள்.

அதனால் பிரிக்ஃபீல்ட்ஸ் மெதடிஸ்ட் காலேஜ் ஆகட்டும், சன்வே, டெய்லர்ஸ் ஆகட்டும், திறந்த நாளில் போய்க் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: சென்ற ஆண்டு எத்தனை பேர் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு ஆஃபர் வந்தது, யூகாட் நுழைவுத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி உண்டா, பேட்டிக்கு மாதிரிச் சுற்று வைப்பீர்களா. பதில் சொல்லத் தடுமாறும் கல்லூரியின் பெயருக்கு நீங்கள் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்?

யூகாட் ஆண்டுக்கு ஒரு முறைதான் எழுத முடியும். 2025 முதல் அப்ஸ்ட்ராக்ட் ரீசனிங் பகுதியை எடுத்துவிட்டார்கள். மொத்த மதிப்பெண் இப்போது 2700-க்கு. பழைய பயிற்சிப் புத்தகத்தை அண்ணனிடமிருந்து வாங்கிப் படிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

5. ஃபவுண்டேஷன்

ஒரு தனியார்ப் பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷன் படிப்பு அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் போக நல்ல ஏணி. வேறு இடத்துக்குப் போக நினைத்தால் அது பெரும்பாலும் செல்லாது. அங்கேதான் படிக்கப்போகிறோம், ஐந்தாண்டுக் கட்டணமும் கையில் இருக்கிறது என்றால் மட்டும் எடுங்கள். "பாதிக் கட்டணச் சலுகை" என்ற பேனரைப் பார்த்து எடுக்காதீர்கள்.

6. பன்னிரண்டு தேர்வுகளையும் ஆசையோடு நிரப்புங்கள்

யுபியு 12 தேர்வுகள் தருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் மலாயா, யுகேஎம், யுபிஎம், யுஎஸ்எம் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கோத்தா சமராஹானில் யுனிமாஸ் இருக்கிறது, கோத்தா கினபாலுவில் யுஎம்எஸ் இருக்கிறது. "சபா, சரவாக்கா? அவ்வளவு தூரம் யார் போவது?" என்று தாத்தா, பாட்டி முதல் எல்லோரும் தடுப்பார்கள். எந்த அரசு மருத்துவப் பட்டம் ஆனாலும் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதியும்போது ஒரே மதிப்பு. வார்டில் இரவுப் பணி பார்க்கும்போது நிபுணர் கேட்பது நோயாளியின் பொட்டாசியம் எவ்வளவு என்பதை. எந்தக் கேம்பஸ் என்று அவர் கேட்கமாட்டார்.

7. பேட்டி அறை

மெரிட் உங்களைப் பேட்டி அறையின் கதவுவரை கொண்டுவிடும். உள்ளே நீங்கள்தான் போக வேண்டும். இப்போது பல மருத்துவக் கல்லூரிகள் எம்எம்ஐ என்ற முறையைப் பின்பற்றுகின்றன. வரிசையாகச் சிறு அறைகள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "உங்கள் நண்பன் தேர்வில் காப்பி அடித்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். உள்ளே அவன் உட்கார்ந்திருக்கிறான். பேசுங்கள்." ஓரிரு நிமிடம் வாசிக்கலாம். மணி அடிக்கும். உள்ளே போனால் நடிக்க வந்தவர் ஒருவர், மூலையில் மதிப்பெண் போடுபவர் ஒருவர். மறுபடி மணி. அடுத்த அறை.

இங்கே நம் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றுதான். உபதேசம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். "காப்பி அடிப்பது தவறு, நீ ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே தீர்ப்பு. மதிப்பெண் போடுபவர் தேடுவது வேறு. முதலில் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டீர்களா? அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்தீர்களா? பிறகுதான் சரி, தவறு. நல்ல பள்ளி இங்கே கொடுக்கும் ஒரே உதவி, ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசும் பழக்கம். அது பள்ளியில் கிடைக்கவில்லையென்றால் வீட்டில் தினமும் பத்து நிமிடம், ஃபோனில் பதிவு செய்து, திரும்பக் கேட்டுப் பழகுங்கள். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

"ஏன் டாக்டராக வேண்டும்?" என்ற கேள்விக்கு "மக்களுக்குச் சேவை செய்ய" என்று வரிசையில் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். அதற்குப் பார்த்திருக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, அங்கே தொண்டூழியத்துக்குப் பேர் கொடுக்கலாம். வீட்டுப் பக்கத்துக் கிளினிக் டாக்டரிடம் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் உட்கார அனுமதி கேட்கலாம். மருந்து கொடுக்கும் சன்னலில் நின்று, இனிப்பு நீர்க்காரர் ஒருவர் ஏன் இரண்டு மாதம் மாத்திரை வாங்க வரவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குப் பேட்டியில் பேச விஷயம் இருக்கும். ஷிப்ட் மாறியதாலா, லீவு கிடைக்காததாலா, பயத்தாலா? அந்தப் பதிலை இணையத்தில் எடுக்க முடியாது.

8. பார்க்க வேண்டிய பட்டியல்

மருத்துவத்தில் உண்மையிலேயே பெயர் பார்க்க வேண்டிய ஒரே ஆவணம், 1971 மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. நீங்கள் வாங்கப்போகும் பட்டம் அதில் இருக்கிறதா? இருந்தால் பதிவு எளிது. இல்லையென்றால் தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதில் ஆண்டுகள் கரையும்.

2005-இல் உக்ரேனின் கிரைமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவந்த அங்கீகாரத்தை மலேசியா விலக்க முடிவெடுத்தபோது அதிகம் கலங்கியவை நம் வீடுகள்தான். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பியவர்கள் இருந்தார்கள். நாடாளுமன்றம்வரை போன பிரச்சினை அது. ஏஜென்டின் ஃபோல்டரில் இருக்கும் சான்றிதழை நம்பாதீர்கள். மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலை நீங்களே திறந்து, பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஊரில் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு கல்லூரிகள் இருக்கும்.

உள்நாட்டுத் தனியார்க் கல்லூரிகளில் புக்கிட் ஜாலில் ஐஎம்யு, பண்டார் சன்வேயில் மோனாஷ், கெடாவில் மஇகாவின் கல்வி நிதியம் எழுப்பிய ஏய்ம்ஸ்ட் என்று தெரிவு நிறைய. இவற்றுக்கு இடையே கட்டண வித்தியாசமும் பெரிது. எங்கே படித்தாலும் அடுத்து இரண்டாண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. 2016 டிசம்பர் முதல் அதுவும் ஒப்பந்த வேலை. கடன் வாங்கும் முன் பிடிபிடிஎன் எவ்வளவு தரும், இபிஎஃப் செஜாத்ரா கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மாதத் தவணை எவ்வளவு என்று எழுதிக் கூட்டுங்கள். ஹவுஸ்மேன் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியாது என்றால் விலை குறைந்த கல்லூரியை எடுங்கள். வார்டில் யாரும் வித்தியாசம் பார்க்கமாட்டார்கள்.

9. முதல் சுற்றில் கிடைக்காதவர்களுக்கு

யுபியு ரிசல்ட்டில் மருத்துவத்துக்குப் பதில் பயோமெடிக்கல் வந்தால் அன்றே மேல்முறையீடு செய்யுங்கள். அதே சமயம் வந்த இடத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விடாதீர்கள்.

மேல்முறையீடும் பலிக்காவிட்டால், பட்டம் முடித்த பிறகு மருத்துவம் போகும் வழி இருக்கிறது. அந்த வழியில்தான் இளநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயர் உண்மையில் விவாதப் பொருளாகிறது. ஆஸ்திரேலியாவின் பட்டதாரி நுழைவுக் கல்லூரிகள் பொதுவாக உங்கள் ஜிபிஏ, நுழைவுத் தேர்வு மதிப்பெண், பேட்டி என்ற மூன்றைத்தான் பார்க்கின்றன. சாதாரணப் பல்கலைக்கழகத்தில் உச்ச ஜிபிஏ எடுத்தவர் பெரிய பெயரில் நடுத்தர ஜிபிஏ எடுத்தவரை அங்கே முந்திவிடுவார். சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் 2007-இல் முதல் அணியை எடுத்தது. எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜிஆம்சாட் அல்லது எம்கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் ஆராய்ச்சி ஆர்வமும் கேட்பார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பல வெளிநாட்டு மாணவரை எடுப்பதே இல்லை. எடுப்பவற்றிலும் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைக் கேட்கும். மலேசியாவில் பட்டம் முடித்து நேராக அங்கே போகலாம் என்று யாராவது சொன்னால் எந்தக் கல்லூரி, எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்த வழியைப் பிடிப்பவர் முதலாண்டு முதல் செமஸ்டரிலேயே ஜிபிஏவைக் காக்க வேண்டும். பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் சராசரி ஏறாது. இரண்டாம் ஆண்டில் ஆய்வகப் பேராசிரியர் ஒருவரிடம் போய்ச் சின்ன வேலை கேளுங்கள், சாம்பிள் லேபிள் ஒட்டும் வேலை ஆனாலும் சரி. நாளை பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது அவர்தான்.